திருப்பூட்டறைச் சாவி யார் கையில் இருந்தது?

சனிக்கிழமை மாலை கோயிலைத் திறந்து, பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அறைக்குள் போவேன். 'திருப்பூட்டறை' என்பது புத்தகப் பெயர். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'சக்ரீஸ்து' என்பார்கள். மறுநாள் பூசைக்கு என்ன நிற உடுப்பு என்று வழிபாட்டு நாள்காட்டியில் பார்த்து எடுத்து வைக்க வேண்டும்: பச்சையா, வெள்ளையா, சிவப்பா, ஊதாவா என்று. ஓஸ்திகளை எண்ணிப் போட வேண்டும். திராட்சை இரசத்தையும் தண்ணீரையும் சின்னக் குப்பிகளில் ஊற்றி, பூசைப் புத்தகத்தின் நாடாவைச் சரியான பக்கத்தில் இழுத்து விட்டு, இரசக் கிண்ணத்தைத் துடைத்து, துணியால் மூடி வைக்க வேண்டும். நற்கருணைப் பேழைக்கு முன்னால் எரியும் அணையா விளக்கில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அறையைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பேன். மூன்று வருடமாக இதுதான் என் சனிக்கிழமை. சம்பளம் கிடையாது. இந்த வேலையைச் செய்பவரை 'சாக்ரிஸ்டன்' என்று சொல்வார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் வைத்த பெயர் 'கோயில்பிள்ளை'. சில ஊர்களில் உபதேசியாரே இதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்.

நான் சேரித் தெருவைச் சேர்ந்தவள். என் தாத்தா இதே கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர். ஊர்க்காரர் வீட்டில் சாவு என்றால் வெளியூர்ச் சொந்தங்களுக்குச் சேதி சொல்லப் போனதும் எங்கள் தெருதான். பீடத்தின் பக்கத்து அறையில் என்ன இருக்கிறது என்று அவருக்குக் கடைசி வரை தெரியாது. சாமியார் தலைக்கு மேல் தூக்கிக் காட்டும்போது மட்டும்தான் அந்தக் கிண்ணத்தைப் பார்த்திருப்பதாகச் சொல்வார். அதுவும் பின்வரிசையிலிருந்து.

திருச்சபைக்குள் சாதி என்று பேசத் தொடங்கினால் நாம் சுவரைப் பற்றிப் பேசுகிறோம், கல்லறையைப் பற்றிப் பேசுகிறோம், தேர் எந்தத் தெருவுக்கு வருகிறது என்று பேசுகிறோம். எல்லாம் சரிதான், பேசத்தான் வேண்டும். இந்தச் சின்ன அறையைப் பற்றி நாம் பேசுவது குறைவு. யாரை எங்கே உட்கார வைத்தார்கள் என்பதோடு, எந்தப் பொருளை யார் தொட்டார்கள் என்றும் கேட்டால்தான் கதை முழுதாகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ரோமில் இருந்து தொடங்குவோம். கோயில் கதவைக் காப்பவர் என்பது கிறிஸ்தவத்தில் மிகப் பழைய பதவி. லத்தீனில் 'ஒஸ்தியாரியுஸ்', வாயிற்காவலர். குருவாகப் போகிறவர் ஏறவேண்டிய படிகளில் கீழ்ப்படி அது. அந்தப் பட்டம் கொடுக்கும் சடங்கில் ஆயர் கோயிலின் சாவியை அவர் கையில் தொடக் கொடுப்பார். மணி அடிப்பதும் கதவு திறப்பதும் அவர் பொறுப்பு. காலப்போக்கில் அது குருமாணவர்களுக்கான வெறும் சடங்காகிப் போனது. உண்மையில் கதவு திறந்தவர்கள், விளக்கு ஏற்றியவர்கள் எல்லாம் சாதாரண விசுவாசிகள். 1972இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அந்தப் பட்டத்தையே எடுத்துவிட்டார்.

தொடுவதற்கும் ரோம் சட்டம் வைத்திருந்தது. 1917இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1306ஆம் பிரிவைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பூசைக்குப் பயன்பட்ட இரசக் கிண்ணத்தையும் அப்பத்தட்டையும், கழுவாத துணிகளையும் குருக்கள் கூட்டத்தைச் சேர்ந்தவர்களோ அவற்றைப் பாதுகாக்கும் பொறுப்பில் உள்ளவர்களோ தவிர வேறு யாரும் தொடக்கூடாது. அந்தத் துணிகளைத் துவைக்கப் போடுவதற்கு முன், உயர்பட்டம் பெற்ற ஒருவர் முதல் தண்ணீரில் அலச வேண்டும். துறவியாக இருந்தாலும் பட்டம் பெறாதவர் அதைச் செய்யக்கூடாது. அலசிய தண்ணீரை அதற்கென்று இருக்கும் குழியிலோ நெருப்பிலோ ஊற்ற வேண்டும். அதே தொகுப்பின் 813ஆம் பிரிவின்படி, பூசைக்குப் பதில் சொல்ல ஆண் யாரும் இல்லாவிட்டால் பெண் தூரத்தில் நின்று பதில் சொல்லலாம், பீடத்தை நெருங்கக் கூடாது. இந்தச் சட்டங்கள் இப்போது இல்லை. 1983இல் வந்த புதிய தொகுப்பில் பாத்திரம் தொடுவதற்கான தடை கிடையாது.

இதைப் படிக்கும் எந்த தலித்துக்கும் இந்த இலக்கணம் பழக்கப்பட்டதாகத்தான் இருக்கும். தொடலாம், தொடக்கூடாது, தொட்ட தண்ணீரை எங்கே கொட்டுவது. ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ரோமின் விலக்கு பட்டத்தைப் பொறுத்தது, பிறப்பைப் பொறுத்தது இல்லை. ஏட்டளவில் பார்த்தால், யார் வேண்டுமானாலும் குருவாகலாம் (ஆணாக இருந்தால்). சாதியில் அப்படி ஒரு படிக்கட்டு கிடையாது. ஆனால் இந்த இரண்டும் ஒரே ஊரில் ஒரே கட்டடத்துக்குள் சேர்ந்தால் என்ன ஆகும்? அந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது பாருங்கள்: 'பாதுகாக்கும் பொறுப்பில் உள்ளவர்கள்'. ஒரு பங்கில் ஆயிரம் விசுவாசிகள் இருந்தால், குருப்பட்டம் இல்லாமலே கிண்ணத்தைத் தொடும் உரிமை கோயில்பிள்ளைக்கு உண்டு. அவர் ஒருவர்தான் அந்தக் கோட்டின் மேல் நிற்கிறார். அந்த இடத்தைச் சாதி சும்மா விட்டு வைக்குமா?

தமிழ்நாட்டில் சாதி பீடத்தின் மீதே கை வைத்த கதை 1917க்கு வெகுகாலம் முந்தையது. ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். பிராமண சந்நியாசிபோல் வாழ்ந்து உயர்சாதியாரிடம் மட்டும் பழகினார். ஒடுக்கப்பட்ட சாதிகளிடம் வெளிப்படையாகப் போக அந்த வேடம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே 1640 முதல் 'பண்டார சாமிகள்' என்று தனி வகைக் குருக்களை ஏற்படுத்தினார்கள். சாதிக்கு ஏற்ப மக்களைப் பிரித்ததோடு நிற்காமல் குருக்களையும் பிரித்தார்கள்.

இந்த ஏற்பாடு எவ்வளவு தூரம் போனது என்பதை, 1704இல் பாப்பரசின் தூதர் தெ தூர்னோன் புதுச்சேரியில் இருந்து வெளியிட்ட தடையாணையைப் பார்த்தால் தெரியும். எதையெல்லாம் செய்யாதே என்று சொல்கிறாரோ அதெல்லாம் நடந்துகொண்டிருந்தது என்றுதானே அர்த்தம். ஞானஸ்நானத்தில் குரு தன் எச்சிலைத் தொட்டு வைக்கும் பழைய சடங்கு ஒன்று உண்டு. எச்சில் தீட்டு என்று உயர்சாதியார் அருவருத்ததால் இங்கே மிஷனரிகள் அதை விட்டுவிட்டார்கள். விடக்கூடாது என்றார் தூர்னோன். பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் குரு அந்த வீட்டுக்குள் போகமாட்டார், நோயாளியை வெளியே தூக்கி வரவேண்டும். அதுவும் கூடாது, வீட்டுக்குப் போய்த்தான் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வேண்டும் என்றார். அதாவது சாகப்போகிற மனிதருக்கு எண்ணெய் பூசுவதா வேண்டாமா என்பதில் ரோமின் ஆணையும் தமிழ்நாட்டின் தீட்டும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. நாற்பது வருடம் இழுத்தடித்தார்கள். கடைசியில் 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்புச் சொன்னபோது, பறையருக்கென்று தனிக் குருக்களை வைத்துக்கொள்கிறோம் என்று சேசு சபையார் முன்வைத்த யோசனையை ஏற்றுக்கொண்டார். வீட்டுக்குப் போகவேண்டும் என்ற விதி ஜெயித்தது. எல்லாக் குருக்களும் போகவேண்டும் என்பது தோற்றது. 'சமரசம்' என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஆட்கள் கொஞ்சம் உஷாராவதற்கு இப்படிக் காரணங்கள் நிறைய உண்டு.

அடுத்த வருடமே, 1745இல், புதுச்சேரிக் கோயிலுக்குள் இருந்த சுவர் பிரச்சினையானது. பறையர் ஒரு பக்கமும் மற்றவர்கள் ஒரு பக்கமும் இருந்து பூசை காண்பதற்காகக் கட்டிய சுவர். பறையர்கள் முறையிட, சாமியார்கள் அதை இடித்தார்கள். துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்திருக்கிறார். நான் மாணவர்களிடம் இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்வேன். சுவரை இடித்தது சாமியார்களின் தயவால் தொடங்கவில்லை. நாங்களும் கிறிஸ்தவர்கள்தானே என்று கேட்டுப் போய் நின்றவர்களிடமிருந்துதான் அது தொடங்கியது. அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாமல் போனது வேறு விஷயம்.

வடக்கன்குளம் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். நெல்லைச் சீமையில் இருக்கும் அந்த ஊரில்தான் 1745இல் நீலகண்டன் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார், 2022இல் புனிதரானார். அதே ஊரில் 1872இல் ஒரு கோயில் எழுந்தது. வெள்ளாளருக்கும் நாடாருக்கும் இருந்த தகராறுக்கு விடையாக அதை இரண்டு கிளையாகக் கட்டினார்கள். கால்சட்டையின் இரண்டு கால்கள்போல் இரண்டு மண்டபம், சேருமிடத்தில் ஒரு பீடம். இரு தரப்பாருக்கும் சாமியார் தெரிவார், ஒருவருக்கொருவர் தெரியமாட்டார்கள். 1910இல் அந்தத் தடுப்பை பங்குச் சாமியார் கௌசானல் உடைத்தார். வெள்ளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்ற அந்த வழக்கை 'மைக்கேல் பிள்ளை எதிர் பார்த்' என்று சட்ட மாணவர்கள் தேடினால் 1917ஆம் வருடத் தீர்ப்புத் தொகுப்பில் கிடைக்கும். சாதிப் பிரிவினைக்கான உரிமையை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆ. சிவசுப்பிரமணியன் எழுதிய 'கிறித்தவமும் சாதியும்' இந்த ஊரைப் பற்றி விரிவாகப் பேசும் நூல், கட்டாயம் படியுங்கள்.

எனக்கு அந்தக் கட்டடத்தில் ஒரு இடம் மட்டும் உறுத்தும். இரண்டு கால்களும் சேரும் இடம். மக்களை எத்தனை கிளையாக வேண்டுமானாலும் பிரித்து உட்கார வைக்கலாம், பீடத்தை இரண்டாக வெட்ட முடியாது. பீடம் ஒன்று, கிண்ணம் ஒன்று. அப்படியானால் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் வேலைதான் மொத்தச் சண்டையின் உச்சி. பூசைக்கு உதவி செய்யும் பையன் யார், பாடகர் குழுவில் நிற்பது யார், திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, பாத்திரம் எடுத்துக் கொடுப்பது யார்? மானுடவியலாளர் டேவிட் மாஸ் 1980களில் தென் தமிழகக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்து 2012இல் நூலாக வெளியிட்டார். கோயிலில் செய்யும் பணிகளும் பெறும் மரியாதைகளும் சாதித் தட்டின் அடையாளமாக இருந்ததையும், தலித்துகள் அவற்றைக் குறிவைத்துப் போராடியதையும் அதில் காட்டுகிறார். வேண்டுதல் முறையாக அல்ல, உரிமையாகக் கேட்டார்கள்.

எங்கள் ஊரிலும் அப்படித்தான். கோயில்பிள்ளை வேலை ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை இருந்தது. அறுவடையில் நெல், திருவிழாவில் வேட்டி, கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒரு தொகை என்று வருமானமும் இருந்தது. சாவு வீட்டில் இருந்து பிணம் கல்லறைக்கு வரும்போது, என் தாத்தா வெட்டிய குழிக்குப் பக்கத்தில் தீர்த்தச் செம்போடு நிற்பவர் அந்தக் குடும்பத்துக்காரர். இரண்டு பேரும் கோயில் வேலைதான் செய்தார்கள். ஒருவருக்குக் கிடைத்தது மரியாதை, இன்னொருவருக்குக் கிடைத்தது கூலி. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது, மடத்துக்குள் கூட்டிப் பெருக்கும் வேலை யாருக்கு ஒதுக்கப்படுகிறது என்று அது கேட்ட கேள்வி எங்களுக்குப் புதிதாக இல்லாததற்குக் காரணம் இதுதான்.

ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் இதை எப்போதோ சொல்லிவிட்டார்கள். மதம் மாறியும் நாங்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறோம் என்று சைமன் கமிஷனுக்குத் தென்னிந்தியாவில் இருந்து மனு கொடுத்தார்கள். மதம் மாறியவர்களின் நிலைமையைப் பற்றி எழுதியபோது அம்பேத்கர் அந்த மனுவை எடுத்துக்காட்டுகிறார். 1950ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணை நம்மைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை அப்படியே விட்டது. சான்றிதழில் பி.சி., கோயிலில் சேரி. இரண்டு கையெழுத்தும் நம் பெயருக்கு எதிரில்தான்.

சபைத் தலைமை பேசாமல் இல்லை. 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்தார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். எல்லாவற்றையும் வரவேற்கிறேன். ஆனால் இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் 2008 மார்ச் 9 இருக்கிறது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்கள் சகாய மாதா கோயிலைத் தனிப் பங்காக்கக் கேட்டார்கள். வன்னியக் கிறிஸ்தவர்கள் எதிர்த்தார்கள், தலித் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். பிரிந்து போவதா தீர்வு என்று அப்போது முற்போக்கு நண்பர்கள் சிலரே என்னிடம் கேட்டார்கள். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது சனிக்கிழமைதோறும் அந்த அலமாரியைத் திறக்கும்போது தெரிகிறது. தனிப் பங்கு என்றால் தனிப் பீடம், தனிக் கிண்ணம், தனிச் சாவி. அடுத்தவர் தயவில் தொடாமல் இருப்பது.

அப்படியானால் சாவி என் கைக்கு வந்தது எப்படி? பெரிய போராட்டம் எதுவும் நடக்கவில்லை என்பதுதான் கொஞ்சம் சங்கடமான பதில். பழைய கோயில்பிள்ளையின் பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள். நெல் அளப்பது நின்றது. பங்கில் கொடுத்த மாதச் சம்பளம் யாருக்கும் கட்டவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்குத்தந்தை பூசை முடிவில், "தன்னார்வமா செய்ய யாராவது முன்வாங்க" என்று கேட்டார். யாரும் எழவில்லை. நான் எழுந்தேன். முன்வரிசையில் சில தலைகள் திரும்பின, அவ்வளவுதான். மரியாதையும் வருமானமும் இருந்த வரை அது ஒரு குடும்பத்தின் உரிமை. இரண்டும் போன பிறகு அது 'இறைப்பணி'. சமூகவியலில் இதற்குப் பல பெயர்கள் இருக்கின்றன. எங்கள் அம்மா ஒரே வரியில் சொன்னார்: "சம்பளம் இல்லன்னதும் நம்மள ஞாபகம் வந்துடுச்சு பாரு."

அம்மா சொன்னது பாதி சரி. மீதிப் பாதி பீடச் சிறுவர்களிடம் இருக்கிறது. இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேர் பூசைக்கு உதவி செய்கிறார்கள், அதில் இரண்டு பேர் பெண் பிள்ளைகள். "அக்கா, இந்தக் கிண்ணத்த நான் எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்பார்கள். பயம் இல்லாமல் கேட்பார்கள். போன வருடம் ஊர்த்தெருவில் ஒரு பெரியவர், கிண்ணத்தை இவர்கள் எடுப்பதற்குப் பதில் சாமியாரே எடுத்துக்கொள்ளலாமே என்று பங்குப் பேரவையில் நாசூக்காகச் சொன்னார். பழைய முறைதானாம், பக்தி அதிகமாம். திருப்பலி நூலின் பொது விதிமுறைகளில் 105ஆம் எண்ணை நான் படித்துக் காட்டினேன். பூசைக்கு வேண்டிய புத்தகம், உடுப்பு, மற்ற பொருள்கள் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்வது திருப்பூட்டறைப் பணியாளரின் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. என்ன சாதி என்று அதில் இல்லை. பங்குத்தந்தை அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். கிண்ணம் இன்னும் பிள்ளைகள் கையில்தான்.

திருவிழா மட்டும் வேறு கதை. அந்தப் பத்து நாளும் சாவி விழாக் கமிட்டியிடம் போய்விடும். கமிட்டியில் எங்கள் தெருவில் இருந்து ஒருவர்கூடக் கிடையாது. சப்பரமும் எங்கள் தெருமுனையோடு திரும்பிவிடும். முதல் இரண்டு வருடம் கேட்டதும் சாவியைக் கொடுத்துவிட்டேன். புதிதாக வந்தவள், சண்டை வேண்டாம் என்று நினைத்தேன். அது தப்பு என்று இப்போது நினைக்கிறேன்.

இதைப் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். உங்கள் பங்கில் கடந்த நூறு வருடத்தில் கோயில்பிள்ளையாக இருந்தவர்கள் யார் யார் என்று விசாரியுங்கள். வயதானவர்களிடம் 'கோயில் சாவி யார் வீட்டில் இருந்தது' என்று கேட்டால் போதும், சாதியைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை, தெருப் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். பழைய கணக்குப் புத்தகத்தில் சம்பளம் வாங்கியவர் பெயர் இருக்கலாம். குழி வெட்டியவர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். சீரோ மலபார் பங்குகளிலும் சி.எஸ்.ஐ. சபைகளிலும் இந்த வேலைக்கு வேறு பெயர்கள் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த வருடக் கொடியேற்றத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கமிட்டி செயலாளர் நேற்று போன் செய்து, "பாப்பா, வர்ற ஞாயித்துக்கெழம சாவிய வாங்கிக்கறோம்" என்றார். யார் வாங்குகிறார்கள், எந்தத் தேதியில் திருப்பித் தருவார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். அப்படியே கமிட்டியில் எங்கள் தெருவுக்கு இரண்டு இடம் கேட்டுப் பங்குத்தந்தைக்கு எழுதிய கடிதத்தில் நாற்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, சாமியாரைப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார்.